நாலாவது டியூபுக்கு அப்புறம்

1938

செப். 5, திங்கள்

வெயில். ஆவணி முடியப்போகிறது, சித்திரை மாதிரி காய்கிறது. தல்லாகுளத்திலிருந்து சைக்கிளில் ஆற்றைத் தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. வைகையில் தண்ணீர் இல்லை. கழுதைகள்தான்.

லேபில் காலை வேலை: டியூப் கழுவியது, வேகவைத்தது, காயப் போட்டது. உதவியாள் தேவராஜ் கழுவின டியூபை நான் மறுபடி கழுவுவேன். அவனுக்கும் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வைத்துக்கொள்ளட்டும். சோப்பு ஒரு துளி ஒட்டியிருந்தாலும் ரத்தப் பரிசோதனை பொய் சொல்லும். (இனி இந்த நோட்டில் அவன் வெறும் தே. யார் கண்ணிலாவது பட்டால் வம்பு.)

சென்னையிலிருந்து ரயில் பார்சல். வைக்கோலுக்குள் ஒரு சின்ன பாட்டில். மால்ட்டாக் காய்ச்சல் கிருமி, கொன்று உப்புநீரில் கலக்கியது. பார்த்தால் அரிசி களைந்த தண்ணீர். நோயாளியின் ரத்தத் தெளிவோடு இதைச் சேர்த்தால், அந்தக் காய்ச்சலாக இருந்தால் கிருமியெல்லாம் கட்டிக்கொண்டு அடியில் படியும், மேலே தெளியும். இல்லையென்றால் கலங்கலாகவே நிற்கும். டாக்டர் என் தங்கை அழகுக்காகவே எழுதி வரவழைத்தார். "சிக்கனமா வெச்சுக்கோ வேலு. தீர்ந்தா மறுபடி எப்ப வருமோ" என்றார். சாயங்காலம் கொடைக்கானல் கிளம்பிவிட்டார். வர அடுத்த வாரம் ஆகும்.

பார்சல் பெட்டியில் ஒரு ஆணி புதுசாக அடித்திருந்தது. வழியில் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள்.

அழகுக்குக் காய்ச்சல் காலையில் 99. சாயங்காலம் 102.

தங்கச்சியை மேலூரிலிருந்து கொண்டுவந்து விட்டு இரண்டு மாதம் ஆகப்போகிறது. விட்டது மாமியார். மாப்பிள்ளை சுப்பையா வரவில்லை, கயிற்றுக்கடையில் ஆள் இல்லையாம். கூடவே ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். "இதெல்லாம் அவ பொழங்குனது தம்பி, இங்கனயே கெடக்கட்டும்" என்று வாசலில் வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். காசநோய் என்று அவர்களே முடிவு கட்டியாயிற்று. சளி மூன்று தடவை பார்த்தேன், ஒரு கிருமி கிடையாது. மலேரியா இல்லை. டைஃபாய்டு இல்லை. பத்து நாள் ஏறுகிறது, நாலு நாள் விடுகிறது, மறுபடி ஏறுகிறது. இடுப்பு வலி. பாய் நனைய வேர்வை. இருமவே இருமாத பிள்ளைக்குக் காசமாம்.

பால்: பாண்டியம்மாள். மாட்டுத்தாவணிப் பக்கமிருந்து ஆட்டுப்பால் கொண்டுவருகிறவள். தண்ணீர் கலக்கிறாள் என்று முதல் வாரமே பிடித்துவிட்டேன். லேபிலிருந்து பால்மானி கொண்டுவந்து மிதக்கவிட்டேன். "அது என்ன சாமி, காச்ச பாக்குற கண்ணாடியா" என்று கேட்டாள், ஒன்றும் அறியாதவள். அன்றிலிருந்து ஆட்டையே வாசலுக்கு ஓட்டிவரச் சொல்லி, என் கண் முன்னால் கறக்கவைத்து, நுரை அடங்குமுன் அழகுக்குக் கொடுக்கிறேன். அடுப்பில் வைத்தால் சத்துப் போய்விடும்.

"அண்ணே, ஒன்னயப் பாத்தாலே அந்த ஆடு மெரளுது" என்கிறாள் அழகு.

செப். 6, செவ்வாய்

லேப் வாசல் பெஞ்சில் மேலூர்ப் பெண்கள் இரண்டு பேர். யாரோ நோயாளியோடு வந்தவர்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான்.

"கயித்துக்கட சுப்பையாவுக்கு ஐப்பசில முகூர்த்தமாம்ல."

"மொதப் பொண்டாட்டி?"

"அவ நெஞ்சுநோய்க்காரி. பொறந்த வீட்டுக்கு அனுப்பியாச்சு. இனி எங்குட்டு வர."

கையிலிருந்த பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டேன். உடைந்திருந்தால் என் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். இரண்டு மாதம் எட்டிப்பார்க்காதவனுக்குக் கடையில் ஆள் இல்லை, பெண் பார்க்க மட்டும் ஆள் இருக்கிறது.

நெருப்பில்லாமல் புகையாது. நான் அப்போதே சொன்னேன், என் பெண்டாட்டி பார்வதிதான் "எல்லாத்தையும் சந்தேகப்படாதீங்க" என்றாள். வீட்டுக்கு வந்து அவளிடம் மட்டும் சொன்னேன். அழகிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நாளைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். ஐப்பசிக்குள் இது காசம் இல்லை என்று நிரூபித்தாக வேண்டும். இல்லையென்றால் அவள் வாழ்க்கை போச்சு.

வாங்க: மண்ணெண்ணெய், வெந்தயம், பார்வதிக்குக் கொண்டை ஊசி.

செப். 7, புதன்

ஜட்கா வைத்து அழகை லேபுக்குக் கூட்டிப்போனேன். குதிரை நொண்டி. வண்டிக்காரன் தெற்கு வாசல் வழியாகச் சுற்றப் பார்த்தான், விடுவேனா.

வாசல்படி ஏறும்போது நின்றுவிட்டாள். தலைசுற்றல் என்று நினைத்துக் கையைப் பிடித்து, "அழகு, உள்ள வா தாயி" என்று சத்தம் போட்டுத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. ஊசி குத்தும்போது முகம் சுளிக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியெல்லாம் பேச்சில்லை. ஊசிப் பயம்தான். சின்ன வயசிலேயே அப்படி.

ரத்தம் உறைந்து தெளிவு பிரிய மத்தியானம் ஆயிற்று. டைஃபாய்டுக்கு வைப்பது மாதிரியே நாலு டியூப். ஒவ்வொன்றிலும் ரத்தத் தெளிவை முந்தியதில் பாதியாக நீர்க்கவைத்து, பாட்டில் மருந்தைச் சொட்டி, கூடவே ரத்தம் சேர்க்காத டியூப் ஒன்று ஒத்துப்பார்க்க. எல்லாம் சூட்டுப்பெட்டிக்குள். நாளைக் காலையில் தெரியும்.

தே. இன்று பின்பக்கக் கொட்டகையிலேயே இருந்தான். சளி பார்ப்பது அங்கேதான், அவன் வேலை. ஆனால் நான் போனதும் எதையோ சட்டென்று துணி போட்டு மூடினான்.

செப். 8, வியாழன்

நாலும் கலங்கல். ஒரு டியூபில்கூடக் கட்டவில்லை.

நம்ப முடியவில்லை. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், கறுப்புத் துணியை வைத்துப் பார்த்தேன். கலங்கல்தான். டைஃபாய்டு இல்லை, மலேரியா இல்லை, மால்ட்டாவும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது மாமியார் சொன்ன வியாதிதான். சாப்பாடு இறங்கவில்லை.

மத்தியானம் மோர் குடிக்கலாம் என்று ரயிலடிப் பக்கம் போனால், காப்பி கிளப் உள்ளே தே. எதிரில் யார்? சுப்பையா. என் தங்கை புருஷன். இரண்டு பேரும் தலையைத் தலையோடு வைத்துப் பேச்சு. தே.யின் பெண்டாட்டி ஊர் மேலூர் என்பதே அப்போதுதான் உறைத்தது. தூண் மறைவில் நின்றேன். சுப்பையா எதையோ மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். காப்பிக்குக் காசு கொடுத்தது அவர்தான்.

நேற்று ரத்தம் எடுத்தேன். நேற்று தே. எதையோ மூடினான். இன்று பரிசோதனை பொய்த்தது. இன்றே இரண்டு பேரும் காப்பி.

இதற்கு மேல் என்ன வேண்டும்? ரத்தத்தை மாற்றிவிட்டான். அழகு டியூபை எடுத்துவிட்டு வேறு எவனுடைய தெளிவையோ வைத்துவிட்டான். காசம் என்றே இருந்தால்தானே சுப்பையா ஐப்பசியில் மாலை போடலாம்.

செப். 9, வெள்ளி

தூக்கம் இல்லை. பார்வதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாப்பிள்ளை மதுரைக்கு வந்தவரு நம்ம வீட்டுக்கு வரலையா" என்று அதைத்தான் கேட்டாள். நான் ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறேன், இவள் விருந்தைப் பற்றிப் பேசுகிறாள்.

யார் யார் மேல் சந்தேகம் என்று வரிசையாக யோசித்தேன்.
தே. — முதல் ஆள்.
சுப்பையா — காசு கொடுத்தவர்.
பார்சல் திறந்தவன் — புது ஆணி.
பாண்டியம்மாள் — இதில் அவளுக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை. ஆனாலும்.

தே.யிடம் தூண்டில் போட்டேன்.

"மேலூர்ப் பக்கம் போனியாப்பா?"

"இல்லண்ணே."

"சொந்தக்காரங்க யாரும் வந்தாங்களா?"

"யாரு வரப்போறா." சொல்லிவிட்டு ஸ்பிரிட் விளக்கின் திரியைச் சீண்டிக்கொண்டே நின்றான். நன்றாக எரிகிற திரி.

மடியில் கனம்.

செப். 11, ஞாயிறு

நேற்று முன்னிரவில் ஒரு மழை. புழுதி மட்டும் அடங்கியது.

இன்று வீட்டிலேயே அழகுக்கு ரத்தம் எடுத்தேன். ஊசியை நானே வேகவைத்தேன். டியூபின் அடியில் அரத்தால் ஒரு கீறல். யார் மாற்றினாலும் கீறலை மாற்ற முடியாது.

பார்வதி சிரிக்கிறாள். "சாமி கும்புடுறப்பக்கூட ஒரு கண்ணத் தொறந்து வச்சுக்குவீங்க, சாமி எந்திரிச்சுப் போயிருச்சான்னு பாக்க."

அழகும் சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்து அவள் சிரித்தது இது இரண்டாவது தடவையோ மூன்றாவதோ. கை மெலிந்துவிட்டது. வளையல் முழங்கை வரை ஏறுகிறது.

"காசம்னா என்னண்ணே செய்வாக? எங்கயாச்சும் அனுப்பிருவாகளா?"

"காசம் இல்ல."

"நீ நல்லாப் பாத்தியா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"மேலூர்லருந்து யாரும் வந்தாகளா?"

இல்லை என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு பொறுக்கிக்கொண்டிருந்த பருத்திக்கொட்டையைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

செப். 13, செவ்வாய்

நேற்று வைத்தேன். டியூப் தாங்கியைச் சூட்டுப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். இன்று எடுத்தேன்.

ரத்த டியூபில் கீறல் இருக்கிறது. பூட்டு அப்படியே இருக்கிறது. நாலும் கலங்கல்.

யாரும் மாற்றவில்லை.

உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரமாகத் தே.யைத் திருடனாக்கி வைத்திருந்தேன், அதுகூட ஒரு தெம்பாக இருந்தது. எவனோ கெடுத்தான் என்றால் பிடித்துவிடலாம். யாரும் கெடுக்கவில்லை என்றால் அழகுக்கு நிஜமாகவே அந்த வியாதிதான்.

ஒருவேளை பாட்டில் மருந்து கெட்டுப்போயிருக்கலாம். அந்த ஆணி. ரயில் சூடு. டாக்டர் வந்ததும் சொல்ல வேண்டும்.

இன்று சாயங்காலம் 103. வாய்க்கசப்பு, கஞ்சி வேண்டாம் என்கிறாள். பால் மட்டும் குடித்தாள்.

செப். 14, புதன்

டாக்டர் வந்துவிட்டார். கம்பளிச் சட்டையைக் கழற்றுவதற்குள் போய் நின்றேன். பார்சல் ஆணியிலிருந்து ஆரம்பித்தேன்.

"ஆணியை விடுய்யா. எத்தனை டியூப் வெச்ச?"

"நாலு சார்."

"ஏன் நாலு?"

"டைஃபாய்டுக்கு நாலுதானே சார். நீங்களும் சிக்கனம்னு சொன்னீங்க."

"இது டைஃபாய்டா?"

அவரே தொடர்ந்தார்.

"இந்தக் காய்ச்சல் ஒரு மாதிரி. ரத்தத்துல எதிர்க்கிற சத்து அளவுக்கு மீறி இருந்தா முதல் டியூப்ல கட்டவே கட்டாது. நீர்க்க நீர்க்கத்தான் கட்டும். வரிசையைக் கடைசி வரைக்கும் வெச்சிருக்கணும். நாலோட நிறுத்திட்டு ரெண்டு தடவை மருந்தை வீணாக்கியிருக்க."

கீறல் போட்ட டியூபில் மிஞ்சிய ரத்தத் தெளிவில் பத்து டியூப் வைக்கச் சொன்னார். பாட்டிலில் மிச்சம் இருந்தது அதற்குச் சரியாக இருந்தது. ஒரு சொட்டு வெளியே போயிருந்தாலும் முடிந்தது.

பிறகு பொதுவாகக் கேட்பது மாதிரி, "என்ன சாப்பிடுது பொண்ணு" என்றார். ஆட்டுப்பால் சார், கலப்படம் கிடையாது, என் கண் முன்னால் கறந்தது, பச்சையாகவே குடிக்கிறாள் என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன்.

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை.

"அட மடையா. அந்தக் காய்ச்சலே ஆட்டுப்பால்லதான் வருது. காய்ச்சாத பால்ல."

சைக்கிளை மிதித்தேன் பாருங்கள், பாலத்தில் எதிரில் வந்த வண்டிக்காரன் திட்டியதுகூடக் காதில் விழவில்லை. வீட்டில் நுழைந்ததும் செம்பிலிருந்த பாலை அடுப்பில் வைத்தேன். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

செப். 15, வியாழன்

முதல் நாலு: கலங்கல். பார்த்ததும் உயிர் போய்விட்டது.

ஐந்தாவது: லேசாகத் தெளிவு, அடியில் ஏதோ.
ஆறு, ஏழு, எட்டு: கண்ணாடித் தெளிவு. அடியில் பாய் விரித்த மாதிரி படிந்திருக்கிறது.
ஒன்பது: பாதி.
பத்து: கலங்கல். ரத்தம் சேர்க்காததும் கலங்கல்.

ஏழாவதை விரலால் தட்டினேன். அடியில் கிடந்தது திரிதிரியாக எழும்பியது, கலையவில்லை. டாக்டர் ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தார். "மால்ட்டாதான். சந்தேகமே இல்லை" என்றார். சந்தேகமே இல்லை. அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று இருந்தது.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லையாம். ஓய்வு, நல்ல சாப்பாடு. மாதக்கணக்கில் ஏறி இறங்கித் தானாக விடும். மனுஷருக்கு மனுஷர் ஒட்டுவது இல்லை. தட்டும் டம்ளரும் தனியாக வைக்க வேண்டியதில்லை.

அழகிடம் சொன்னேன். "அப்ப நெஞ்சு நோயி இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். நானும்தான். பார்வதி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள்.

அந்தக் கிருமி ஆட்டுக்குச் செனையைக் கலைக்குமாம், அதனால் மேலூர் வீட்டு ஆடுகளைப் பற்றிக் கேட்டேன். தை மாசம் இரண்டு ஆட்டுக்குச் செனை கலைந்ததாம். கலைந்ததை எடுத்துப் போட்டு, இடத்தைக் கழுவினது எல்லாம் அழகுதான். வெறுங்கையால். மாமியார் தொடமாட்டார்.

செப். 16, வெள்ளி

லீவு போட்டு மேலூர். டாக்டர் எழுதித் தந்ததோடு, ஏழாவது டியூபையும் பஞ்சடைத்து எடுத்துக்கொண்டேன். வெறும் சீட்டை அந்த மாமியார் அத்தை நம்ப மாட்டார். பஸ்ஸில் டியூபை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்த கண்டக்டர், "என்ன அண்ணே, சாராயமா" என்றான். முறைத்தேன்.

அத்தை டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தட்டிக் காட்டினேன்.

"திரிஞ்ச பால் மாதிரியில்ல இருக்கு."

"அப்படித் திரிஞ்சாத்தான் ஆட்டுக்காய்ச்சல் அத்தை. காசம் இல்ல."

"இது ஒந்தங்கச்சி ரத்தம்னு நீதான தம்பி சொல்ற."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னைவிடச் சந்தேகக்காரி ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறேன். கீறலைச் சொன்னேன், பூட்டைச் சொன்னேன், டாக்டர் கையெழுத்தைக் காட்டினேன். கடைசியில் இரண்டே கேள்வி.

"ஒட்டுமா?"

"ஒட்டாது."

"புள்ள பெப்பாளா?"

"காச்ச விட்டா ஏன் பெறமாட்டா."

"அப்பச் சரி. ஞாயித்துக்கெழம சுப்பையாவ அனுப்புறேன், கூட்டியாரட்டும். ஆடுகளும் பாக்க ஆளில்லாமக் கெடக்கு."

ஐப்பசிப் பேச்சை நானே எடுத்தேன். முகம் மாறவில்லை. "அது வெறும் பேச்சுவார்த்ததேன் தம்பி. நிப்பாட்டிப்புடலாம்."

பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், ஆட்டுக்குச் செனை கலைந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். காதில் வாங்கினாரா தெரியாது.

சுப்பையா கடையிலிருந்து வந்தார். நல்ல சேதி மச்சான் என்றார். கண் கலங்கியது, நடிப்பு இல்லை. "எம்புட்டோ தடவ வரணும்னு நெனச்சேன். கடைய விட்டு நகர முடியல. மதுரப் பக்கம் வந்தே ரெண்டு மாசமாச்சு."

காப்பி கிளப் தூண் மறைவில் நின்றவனிடம் சொல்கிறார். பஸ் ஏறினேன்.

செப். 17, சனி

புரட்டாசி பிறந்துவிட்டது. முதல் சனி. தே. நாமம் போட்டுக்கொண்டு வந்தான்.

கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். "எட்டாம் தேதி ரயிலடி காப்பி கிளப்ல உனக்கு எதுக்கப்பா காப்பி வாங்கிக் கொடுத்தாரு எங்க மாப்பிள்ளை?"

சொல்லிவிட்டான். அதற்கு முந்தின நாள் சுப்பையா வந்து சளி கொடுத்திருக்கிறார். முத்தையா என்று வேறு பேரில். அன்று தே. துணி போட்டு மூடியது அதைத்தான். ஐப்பசிக்குப் பேசியிருந்த பெண் வீட்டில் கேட்டார்களாம்: முதல் பெண்டாட்டியிடமிருந்து மாப்பிள்ளைக்கு ஒட்டியிருக்கிறதா, பார்த்துச் சீட்டு வாங்கி வா என்று. சளியில் ஒன்றும் இல்லை. எட்டாம் தேதி காப்பி கிளப்பில் அவர் மடித்து வைத்தது அந்தச் சீட்டுத்தான்.

"நீங்க தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வந்தப்ப அவரு இந்தக் கொட்டகைலதாண்ணே இருந்தாரு. சத்தம் கேட்டதும் கைகால் ஒதறிப்போச்சு. நீங்க போற வரைக்கும் வெளியவே வரல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பவா போறீங்க? நான் கழுவுன டியூபயே நம்பமாட்டீங்க."

ரத்தம் மாற்றியதாக அவன் மேல் சந்தேகப்பட்டதைச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

அழகு ஊசி குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவள் புருஷன் பத்தடி தள்ளி, இன்னொருத்தியைக் கட்டுவதற்காகக் காறித் துப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நான் சந்தேகப்பட்டதெல்லாம் பொய். சந்தேகப்படாத ஒன்று நிஜம்.

பார்வதியிடம் சொன்னேன். "அவகிட்டச் சொல்லாதீங்க. வாழப்போற புள்ள. தெரிஞ்சா ஆயுசுக்கும் அறுக்கும்" என்றாள். அழகு உள்ளே சேலை மடித்துக்கொண்டிருந்தாள். இன்று 99க்கு மேல் ஏறவில்லை. சரி, சொல்ல வேண்டாம் என்று ஒப்புக்கொண்டேன்.

பாண்டியம்மாள் ஆட்டின் ரத்தத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். புது பாட்டில் வந்தால் பார்க்க வேண்டும். இப்போதைக்குப் பால் காய்ச்சித்தான்.

செப். 18, ஞாயிறு

காலையிலேயே மேகம். சுப்பையா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். மல்லிகைப்பூ, அல்வா, அழகுக்குப் புதுச் சேலை. பார்வதி இட்லி வைத்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதற்காக விருந்தாளியை விரட்ட முடியுமா.

அழகு குளித்து, பூ வைக்காமல் வந்து கதவோரம் நின்றாள். மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

"உடம்பு எப்படி இருக்கு?" என்றார்.

"இருக்கு."

"கடைய விட்டு நகர முடியல அழகு. அம்மாவும்..."

"இந்த ரெண்டு மாசத்துல ஒரு தடவகூட மதுரைக்கு வரலையா?"

"எங்க வர முடிஞ்சது. வந்தா ஒன்னயப் பாக்காமப் போவேனா."

பார்வதி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நானே சொல்லிவிடப் பார்த்தேன். அதற்குள் அழகே பேசினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அண்ணன் எனக்கு ரத்தம் எடுத்த அன்னிக்கு, அங்க வாசல்ல உங்க செருப்பு கெடந்துச்சு. வலது கால் வாரு நான் தச்சது. பச்ச நூலு."

சுப்பையா வாசலில் கிடந்த செருப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்காகத்தான் வந்திருக்கீகன்னு நெனச்சேன். ஊசி குத்துறப்ப வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன், இப்ப வருவாக, இப்ப வருவாகன்னு. அண்ணன் எம்பேரச் சொல்லிக் கூப்புட்டது தெருவுக்கே கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

"நான் வேணும்னு... பொண்ணு வீட்டுல..." என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன பிரயோசனம்.

"இன்னிக்கு வந்து, ஆமா வந்தேன், பயந்துட்டேன்னு சொல்லிருந்தா நான் வந்திருப்பேன். பயம் எனக்குந்தான் இருந்துச்சு. சொல்லுவீகளான்னு தான் பாத்தேன்."

அல்வாப் பொட்டலத்தையும் சேலையையும் எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"ஐப்பசி முகூர்த்தத்த நிப்பாட்ட வேணாம்னு அத்தகிட்டச் சொல்லுங்க."

ஐப்பசி விஷயம் அவளுக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்வதி தலையைக் குனிந்துகொண்டாள்.

சுப்பையா என்னைப் பார்த்தார், மச்சான் ஏதாவது சொல்லுங்க என்கிற மாதிரி. நான் வழி விட்டு நகர்ந்தேன். அவர் தெருவில் இறங்கிப் போனதும் மழை பிடித்துக்கொண்டது.

அழகு மூட்டையை அவிழ்த்துச் சேலைகளைக் கொடியில் போட்டாள். உனக்கும் சேர்த்து உலை வைக்கவா என்று பார்வதி கேட்டாள்.

"அதென்ன கேள்வி மதினி" என்றாள்.